இந்தப் பெயர் காலியாக இருக்கிறது

1

போன வாரம் என் பெண் நித்யா தன் இ-மெயில் பாஸ்வேர்டைச் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டாள். பதினோரு வயதுப் பெண். அவளுடைய பள்ளிக்கூட வேலை எதையோ அச்செடுக்க வேண்டும் என்று அவள் அப்பாதான் கேட்டார். வாயில் காலை ஆகாரத்தை வைத்துக்கொண்டே, அது தன் சொந்த விஷயம் என்று இங்கிலீஷில் பதில் வந்தது. இவருக்கு ஒரே பெருமை. எவ்வளவு விவரமாக இருக்கிறாள் பார் என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டை டொக்கென்று வைத்துவிட்டு உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். கோபம் அவள் மேல் இல்லை என்று எனக்கே தெரியும்.

இந்த ஊர்க் குழந்தைகள் ஷூவுக்குக் கயிறு கட்டத் தெரிவதற்கு முன்னால் 'பிரைவசி' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டுவிடுகின்றன. நான் தமிழில் திட்டினால் நித்யா இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். ஃபோனில் என் அம்மாவிடம் 'நல்லா இருக்கேன்' என்பாள். அதற்கு மேல் அம்மா ஒன்று கேட்டால் ரிசீவரை என் கையில் திணித்துவிட்டு ஓடிவிடுவாள்.

கலிஃபோர்னியாவுக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. கம்ப்யூட்டரில்தான் வயிற்றைக் கழுவுகிறேன். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில், இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் அவர்களுடைய மென்பொருள் தலைகீழாகுமா ஆகாதா என்று விடிந்தால் தேதிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் ஊரிலிருந்து எழுதுகிற சொந்தக்காரர், சிநேகிதர், சிநேகிதரின் மாமனார் எல்லாரும் என்னைப் பெரிய நிபுணி என்று நினைத்து மூன்று விஷயம் கேட்கிறார்கள். பையனுக்கு எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம்? ஜனவரி ஒன்றாம் தேதி விமானமெல்லாம் விழுந்துவிடுமா? இ-மெயிலில் வீட்டு விஷயம் எழுதினால் பத்திரமா?

முதல் இரண்டும் சுலபம். கெட்டுப்போனால் எந்த ஆள் கூப்பிட்ட குரலுக்கு வந்து பார்ப்பானோ, அவன் பூட்டித் தருகிற கம்ப்யூட்டரை வாங்குங்கள். விமானம் விழாது. மூன்றாவதுதான் கேட்கக் கூடாத ஆளிடம் கேட்ட கேள்வி. பத்திரம்தான், ஐயா. என்ன பத்திரம், எவ்வளவு பத்திரம் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

என் அப்பா விஸ்வநாதன் மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில் குளத்துக்கு வடக்கே ஒரு சந்தில் எங்கள் வீடு. இரண்டு தெரு தள்ளி, முன்னே ஜெராக்ஸ் கடையாக இருந்த இடத்தில் செல்வம் என்பவர் ஒரு பிரவுஸிங் சென்டர் திறந்தார். நாலு கம்ப்யூட்டர், நடுவில் பிளைவுட் தட்டி, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். குளிர்சாதனம் மெஷினுக்குத்தான், நமக்கில்லை என்று அவரே சொல்வாராம்.

அந்தப் பேட்டையில் வீட்டுக்கு ஒரு பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருந்ததால், காலை பத்து மணிக்கு மேல் ஓய்வு பெற்ற மாமாக்கள் எல்லாம் செல்வம் கடையில்தான். அத்தனை பேருக்கும் இலவச இ-மெயில் விலாசம் போட்டுக் கொடுத்தவர் செல்வம். அத்தனை பேருக்கும் ஒரே பாஸ்வேர்ட், கபாலி. தனித்தனியாக வைத்தால் மறந்துவிட்டு என் உயிரை எடுப்பார்கள் மேடம் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். யாருக்காவது அதுவும் மறந்துபோனால் தட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாமா குரல் கொடுத்துவிடுவார்.

பாதுகாப்பைப் பற்றி எங்கள் கம்பெனியில் பாடம் எடுக்கிறவன் இதைக் கேட்டால் மயக்கம் போட்டு விழுவான். எனக்குமே முதலில் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அந்த ஊரின் நடப்பே அப்படித்தான். எங்கள் வீட்டுச் சாவி எதிர்வீட்டில் இருக்கும். அவர்கள் வீட்டு கேஸ் சிலிண்டர் எங்கள் வீட்டில் இறங்கும். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது பக்கத்துச் சந்து மாமா ஒருவர் கபாலி என்று போட்டு என் கடிதத்தைத் திறந்து, அச்செடுத்து, காய்கறிப் பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். நித்யாவுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று நான் எழுதியது அம்மாவுக்குத் தெரிவதற்கு முன்னால் மாட வீதிக்கே தெரிந்திருந்தது. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு விஷயம் தெரியாமல் போய்விட்டதே என்று அங்கே யாரும் அழுததில்லை.

அப்பா எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் தட்டுவார். தந்தி வந்த மாதிரி இருக்கும். தண்ணீர் லாரி வந்தது, வரவில்லை, உன் அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, உஸ்மான் ரோடில் பாலம் வருமாம், வந்தால்தான் நிஜம். கடைசியில் ஆசீர்வாதம். என் தம்பி ரகுவைப் பற்றி ஒரு வரி இருக்காது.

3

ரகுவைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது. அடையாறில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தான். கூட வேலை பார்த்த பம்பாய்ப் பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டு, மாலையும் கழுத்துமாக இல்லாமல் சாதாரணமாக ஒரு சாயங்காலம் அவளை அழைத்துக்கொண்டு வந்து நின்றான். கிறிஸ்தவப் பெண், அவனைவிட மூத்தவள், முன்னமே ஒரு கல்யாணம் ஆகி விலகியவள். அம்மா அந்தப் பெண்ணின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இனிமே இந்த ஆத்து வாசப்படியை மிதிக்காதே, நான் செத்தாலும் வராதே என்று சொல்லிவிட்டாள். ரகுவும் அம்மாவின் பிள்ளைதானே, ரோஷத்துக்குக் குறைச்சலா? போனவன் போனவன்தான். வளைகுடாவுக்குப் போனான், அங்கிருந்து வேறு எங்கோ போனான் என்று காற்றுவாக்கில் காதில் விழுந்தது. நான் அம்மாவிடம் வாரா வாரம் பேசுகிறவள் என்பதால் எனக்கும் விலாசம் கொடுக்கவில்லை.

போன வருஷம் ஒரு நாள் காலையில் அப்பா காபி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். அவ்வளவுதான். நான் விமானம் பிடித்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கே.கே. நகரிலிருந்து சித்தப்பா வந்து கொள்ளி வைத்திருந்தார். பிள்ளை எங்கே என்று சாஸ்திரிகள் கேட்டாராம். அம்மா ஒரு தர்ப்பையை எடுத்துச் சித்தப்பா கையில் கொடுத்தாளாம்.

நான் வந்த மறுநாள் செல்வம் துக்கம் கேட்க வந்தார். கூடத்து ஓரமாக நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தம்பிக்கு மெயில் போட்டாச்சா மேடம்? சாரு வாரத்துக்கு ரெண்டு தபா வந்து அவருக்குத்தான் எழுதிக்கினு இருப்பாரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தத் தம்பிக்கு என்றேன். அவர் திகைத்துப்போய், உங்க தம்பிதான் மேடம், ரகு சாரு என்றார். அப்பாவுக்கு இரண்டாவது விலாசம் ஒன்று இருந்திருக்கிறது. கபாலி இல்லாத விலாசம். யாருக்கும் தெரியக் கூடாது, அக்காவுக்கும் தெரியக் கூடாது என்று ரகு கேட்டுக்கொண்டானாம். அதைத் திறக்கும்போது மட்டும், கொஞ்சம் அந்தண்டை திரும்புங்கோ என்று அப்பா செல்வத்திடம் சொல்வாராம். செல்வமும் திரும்பிக்கொள்வாராம். விலாசம் என்ன என்று அவருக்குத் தெரியும், திரையின் தலைப்பில் இருக்குமே. பாஸ்வேர்ட் தெரியாது.

உள்ளே அறையில் அம்மா படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். எழுந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எத்தனை நாளா எழுதிண்டிருந்தார்?"

இரண்டு வருஷம் இருக்கும் மாமி என்றார் செல்வம். அம்மா அவரை அனுப்பிவைத்தாள். அப்புறம் அப்பாவின் படத்தைப் பார்த்து வாய்விட்டுத் திட்டினாள். என்னை வில்லியாக்கிட்டு நீர் மட்டும் நல்லவராயிட்டீரோ என்று. திட்டி முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"லலிதா, பத்துக்குள்ள அவனை வரவழைச்சுடு. அவன் அப்பாவுக்கு அவன் பண்ணட்டும். நான் வேணும்னா அறைக்குள்ள இருந்துக்கறேன்."

4

பத்தாம் நாளுக்குள் கண்டுபிடிக்க வேண்டும். என் தொழிலே இதுதான், ஒரு அரைமணி வேலை என்று நினைத்துக்கொண்டு செல்வம் கடைக்குப் போனேன். சித்தப்பாவும் கூட வந்தார். பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா என்ற இடத்தைத் தட்டினேன். முதலில் பிறந்த தேதி கேட்டது.

நம் ஊரில் அந்தத் தலைமுறைக்கு இரண்டு பிறந்த தேதி உண்டு. நட்சத்திரப்படி ஒன்று, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் தோராயமாகப் போட்டது ஒன்று. அமெரிக்காவில் எந்த மேதைக்கும் இது தோன்றியிருக்காது. அப்பா ஆபீஸ்காரர், கேள்வி கேட்பது யாராக இருந்தாலும் ஆபீஸ் தேதியைத்தான் சொல்வார் என்று பள்ளிக்கூடத் தேதியைப் போட்டேன். ஏற்றுக்கொண்டது. சித்தப்பா என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அடுத்தது ரகசியக் கேள்வி. அப்பா கணக்கைத் தொடங்கிய நாள் செல்வத்துக்கு நன்றாக நினைவிருந்தது. கேள்விகள் வரிசையாக வந்ததாம். உங்கள் செல்லப் பிராணியின் பெயர்? எங்காத்துல கரப்பான் பூச்சிதான் உண்டு, அதுக்குப் பேர் வைக்கலை என்றாராம் அப்பா. உங்கள் முதல் கார்? அதைப் படித்து இருவரும் சிரித்தார்களாம். கடைசியில், தாயாரின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர். அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு, இதை நானே அடிக்கறேன் என்று சொல்லி, செல்வத்தைத் திரும்பிக்கொள்ளச் சொன்னாராம்.

திரையில் இப்போது அந்தக் கேள்விதான் நின்றது. வெள்ளைக்காரன் கேட்பது குடும்பப் பெயரை. நமக்கு ஏது குடும்பப் பெயர்? எனக்கே கிடையாது. பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் என்ற கட்டத்துக்கு அப்பாவின் பெயரைப் போட்டுத்தான் அமெரிக்காவுக்குள் நுழைந்தேன். அப்பா படித்த மாதிரியே நானும் படித்தேன், கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கு என்ன பெயர்? எங்கள் குடும்பத்தில் அதற்கு ஒரு பதில் இருந்தே ஆக வேண்டும். ஏனென்றால் வருகிற மருமகளுக்கு வீட்டில் முன்னமே யாருடைய பெயராவது இருந்தால் கல்யாணத்தன்றே பெயரை மாற்றிவிடுவார்கள். அப்பாவின் அம்மாவுக்கும் அப்படித்தான் மாற்றினார்கள். எங்கள் எல்லாருக்கும் அவள் அலமேலு. அலமேலு ஆவதற்கு முன்னால் அவள் யார்?

சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. சொந்த அம்மாவின் பெயரடா அது என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. மனுஷர் முகம் செத்துப்போய் நின்றார். அம்மான்னுதான் கூப்பிட்டோம், வேற என்ன கேக்கத் தோணும் என்றார். திருவான்மியூரில் ஒரு தூரத்து அத்தை உயிரோடு இருந்தாள். ஆட்டோ பிடித்துப் போனோம். அவளுக்கு எங்களையே அடையாளம் தெரியவில்லை. ரொம்ப நேரம் யோசித்து, செல்லம்னு கூப்பிடுவாளோ என்று எங்களையே திருப்பிக் கேட்டாள். திரும்பி வந்து செல்லம் என்று போட்டோம். தவறு. செல்லம்மாள் போட்டோம். அதுவும் தவறு. அலமேலு, அலமேலு மங்கை, ஊர்ப் பெயர், தாத்தாவின் பெயர், அவருடைய அப்பாவின் பெயர். பின்னால் மாமாக்கள் கூட்டம் கூடிவிட்டது. ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள், அவரவர் அம்மா பெயரெல்லாம்கூட வந்தது. கம்ப்யூட்டருக்குப் பொறுமை போய்விட்டது. பல முறை தவறான பதில் தந்ததால் உரிமையாளரின் பாதுகாப்பை முன்னிட்டு இந்தக் கணக்கு பூட்டப்படுகிறது என்று எழுதிக் காட்டியது.

உரிமையாளரின் பாதுகாப்பு! உரிமையாளரைக் கரைத்தாகிவிட்டது, சனியனே.

பத்தாம் நாள் காரியத்தைச் சித்தப்பாதான் செய்தார். ரகுவின் பழைய சிநேகிதர்கள், அடையாறு கம்பெனி, வளைகுடாவுக்கு ஆள் எடுத்த ஏஜென்சி எல்லா இடத்திலும் கேட்டாயிற்று. வேலை மாறிவிட்டார், ஊர் மாறிவிட்டார் என்றுதான் பதில் வந்தது. அந்தப் பெண்ணின் குடும்பத்தைப் பிடிக்கலாம் என்றால் அவளுடைய முழுப் பெயர்கூட எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பெயர் கேட்கிற நிலைமையில் அன்று யாரும் இல்லை.

5

கலிஃபோர்னியா திரும்பினேன். அந்த இ-மெயில் கம்பெனியின் தலைமை அலுவலகம் என் வீட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். கடிதம் எழுதினால் பதில் உடனே வரும், மெஷின் போடுகிற பதில். உங்கள் கேள்வி எங்களுக்கு முக்கியமானது. ஒரே பதிலை இத்தனை தடவை படித்தால் மனுஷிக்குப் பைத்தியம் பிடிக்கும். ஃபோன் நம்பர் எங்கேயும் கிடையாது. உலகம் பூராவையும் பேச வைக்கிறவர்களுக்கு ஒரு ஃபோன் இல்லை, பாருங்கள்.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நேரிலேயே போனேன். கண்ணாடிக் கட்டிடம். அரை டிராயர் போட்ட பையன்கள் நாயைக் கூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வரவேற்பில் ஒரு பெண், மேஜையில் ஒரு கிண்ணம் நிறைய சாக்லேட். பயத்தில் எனக்கு மெட்ராஸ் இங்கிலீஷ் வந்துவிட்டது. 'மை ஃபாதர் எக்ஸ்பையர்ட்' என்றேன். நம் ஊரில் அது மரியாதையான வார்த்தை. காலாவதியான கணக்குகளுக்கு வலைத்தளத்திலேயே வழி இருக்கிறது, தானே புதுப்பித்துக்கொள்ளலாம் என்று அவள் சிரித்த முகத்துடன் சொன்னாள். செத்துப்போய்விட்டார் என்று சொல்ல வேண்டியிருந்தது. மூன்று மாதமாக யாரிடமும் அந்த வார்த்தையில் சொன்னதில்லை. அங்கேதான் முதல் தடவை.

அவள் நல்லவள். எழுந்து வந்து என் தோளைத் தொட்டாள். மாநகராட்சி கொடுத்த இறப்புச் சான்றிதழைக் காட்டினேன். தமிழைப் பார்த்து, மிக அழகான எழுத்து என்றாள். உள்ளே ஃபோன் செய்து வெகுநேரம் பேசினாள். கடிதம் எதுவும் வேண்டாம், ஒரே ஒரு விலாசம், என் தம்பியின் விலாசம் மட்டும் போதும் என்றேன். அதையும் சொன்னாள். திரும்பி வந்த பதில் இதுதான். உங்கள் தகப்பனாரின் அந்தரங்கத்தைக் காப்பாற்றுவது எங்கள் கடமை, அவரே எழுத்து மூலம் அனுமதி தந்தால் ஒழிய.

ஒரு சாக்லேட் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். காருக்குள் உட்கார்ந்து அழுதுவிட்டு, அதைப் பிரித்துத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இந்தக் கம்பெனிகளைப் பற்றி என் அபிப்பிராயம் என்ன என்று கேட்டீர்களானால், கெட்டவர்கள் இல்லை. கெட்டவனாக இருந்தால் காலில் விழலாம், சண்டை போடலாம், தெரிந்தவர் மூலம் சொல்லிப் பார்க்கலாம். நம் ஊர் ஆபீசில் ஒரு குமாஸ்தா இழுத்தடித்தால் அவனுக்கு ஒரு முகம் இருக்கிறது, அவனுக்கும் ஒரு அப்பா இருக்கிறார். இங்கே கதவுக்குப் பின்னால் ஒருவருமே இல்லை. இலவசம் என்று அழைத்தார்கள், போனோம். வீட்டுப் பேச்சையெல்லாம் கொண்டுபோய் அவர்கள் அலமாரியில் வைத்தோம். சாவி யாருடையது என்று ஒரு மாமாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அம்மா ஞாயிற்றுக்கிழமை தோறும் ஃபோனில் ஒரே கேள்வி கேட்டாள். கெடைச்சானா? இல்லை என்பேன். முழங்கால் வலி, தண்ணீர் லாரி என்று மற்றதைப் பேசுவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேள்வியை மாற்றினாள்.

"அவன் அதுல அப்பாவுக்கு எழுதிண்டே இருப்பானோல்லியோ? பதில் வரலைன்னா, நான்தான் எழுத வேண்டாம்னு தடுத்துட்டேன்னு நினைச்சுப்பானோ?"

அப்படியெல்லாம் நினைக்க மாட்டான் அம்மா என்றேன். நினைப்பான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

6

அப்பா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, ஆப்திகம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில், வழக்கம்போல அப்பாவின் விலாசத்தைத் தட்டினேன். அவ்வப்போது தட்டுவேன், பூட்டு என்று வரும், மூடிவிடுவேன். அன்றைக்குப் பூட்டு என்று வரவில்லை. அப்படி ஒரு கணக்கே இல்லை என்று வந்தது. வெகுநாள் திறக்காத கணக்குகளை அழித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்திருந்தும், அப்பா தன் பிள்ளைக்கு இரண்டு வருஷம் தட்டிய அத்தனையும், பிள்ளை எழுதிய அத்தனையும் ஒரு குப்பைக்கும் போகாமல் ஒன்றுமில்லாமல் போய்விட்டது என்பது மண்டையில் ஏற மறுத்தது.

புதுக் கணக்கு தொடங்கும் பக்கத்துக்குப் போய் அதே விலாசத்தை அடித்துப் பார்த்தேன். ஏன் அடித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இந்தப் பெயர் காலியாக இருக்கிறது, உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டது.

சான்றிதழும் கையுமாக வாசலில் நின்ற மகளுக்கு அந்தரங்கம் என்று கதவைச் சாத்தினவர்கள், இப்போது உலகத்தில் எவன் கேட்டாலும் என் அப்பாவின் விலாசத்தைத் தூக்கிக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். எவனோ ஒரு போக்கிரி எடுத்துக்கொண்டு, ரகு எழுதுகிறதையெல்லாம் படித்து, அப்பா என்று கையெழுத்துப் போட்டுப் பதில் எழுதலாம். தடுக்க ஒரு நாதி இல்லை. இதுதான் பாதுகாப்பின் லட்சணம். என் தொழில்காரர்களுக்கு இதைப் பெரிய ஓட்டை என்று சொல்லத் தெரியும். சொல்லியிருக்க வேண்டும், நானும் சொல்லவில்லை. எனக்கு அந்த ஓட்டை வேண்டியிருந்தது. என் பெயரைப் போட்டு அந்த விலாசத்தை எடுத்துக்கொண்டேன். உள்ளே ஒன்றுமில்லை. வருக, வருக என்று கம்பெனி போட்ட ஒரு கடிதம் மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு பல் தேய்த்தவுடன் அதைத்தான் திறப்பேன். கடன் தருகிறோம், தலைமுடி வளர்க்கிறோம் என்று கண்ட கழிசடையும் வந்தது. அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு முழுக்கப் புரியவில்லை, ஆனால் அவன் எழுதினால் உனக்கு வரும் அல்லவா என்று கேட்டுக்கொண்டாள். ஆப்திகமும் சித்தப்பா கையால் நடந்து முடிந்தது. சாஸ்திரிகள் இந்தத் தடவை பிள்ளை எங்கே என்று கேட்கவில்லையாம். அதைச் சொல்லும்போதுதான் அம்மா உடைந்துபோனாள்.

7

ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழ். அவனுடைய தமிழ்.

அப்பா, இந்தத் தடவையாவது இது உங்களுக்கு வந்து சேருமா என்று தெரியவில்லை. முதலில் நீங்கள் பதில் போடவில்லை. அப்புறம் அப்படி ஒரு விலாசமே இல்லை என்று கடிதம் திரும்பி வந்தது. அம்மாவுக்குத் தெரிந்துபோய் நிறுத்தச் சொல்லிவிட்டாள் என்று புரிந்துகொண்டேன். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று இல்லை. நாங்கள் அயர்லாந்துக்கு வந்துவிட்டோம். எனக்குப் பெண் பிறந்திருக்கிறாள். வீட்டுக்கு ஃபோன் வந்துவிட்டது. நம்பர் கீழே இருக்கிறது, வேறு யாரிடமும் கொடுக்கவில்லை, உங்களுக்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருப்பேன், உங்களுக்குச் சாயங்காலம். வாக்கிங் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஏதாவது பூத்திலிருந்து பண்ணுங்கள். நீங்கள் பேச வேண்டாம், என் குரலைக் கேட்டால் போதும். பண்ணவில்லை என்றால் இனிமேல் தொந்தரவு செய்ய மாட்டேன்.

உடனே பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். அனுப்புநர் இடத்தில் அப்பாவின் விலாசம் இருந்தது. அதைப் பார்த்தவுடன் அவனுக்கு என்னவாக இருக்கும் என்று தோன்றிவிட்டது. அப்பா எழுதிவிட்டார் என்று மனைவியைக் கூப்பிடுவான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து திரைக்கு முன்னால் உட்காருவான். அப்புறம் திறப்பான். அந்தப் பாவத்தைச் செய்ய என்னால் முடியவில்லை. என் சொந்த விலாசத்திலிருந்து எழுதலாம் என்றால், அம்மாவின் உளவாளி என்று நினைத்துப் படிக்காமலே அழித்துவிடுவான். எப்படியாவது அவனுக்குத் தெரிய வேண்டும், ஆனால் எழுத்தில் தெரியக் கூடாது. சனிக்கிழமை அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். பேத்தியா என்றாள். அப்புறம், நீயே பண்ணு, என் குரலைக் கேட்டா வச்சுடுவான் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே மத்தியானம் என்றால் இங்கே விடிந்தும் விடியாத நேரம். இவரும் நித்யாவும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் நின்றுகொண்டே நம்பரை அழுத்தினேன். முதல் மணி முழுதாக அடித்து முடிக்கவில்லை, எடுத்துவிட்டான். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்க வேண்டும்.

"அப்பா?" என்றான்.

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பின்னால் குழந்தை அழுகிற சத்தம், ஒரு பெண் அதைச் சமாதானப்படுத்துகிற சத்தம். அவன் அவளிடம், உஷ், அப்பா லைன்ல இருக்கார் என்று இங்கிலீஷில் சொன்னான். மறுபடியும் என்னிடம் வந்தான்.

"பரவாயில்லைப்பா, பேச வேண்டாம். பேத்தி அழறா பாருங்கோ, கேக்கறதா?"

கேக்கறதுடா, ரகு என்றேன்.